சுதாவின் கை

ஏரியைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரிந்த ஜனங்களுக்கு ஒரு மிஷினைப் பங்கு போட்டுக்கொள்ளத் தெரியாதா? கோட்டைக்குப்பம் முத்துராஜும் லோகநாதனும் அப்படித்தான் நினைத்தார்கள். பழவேற்காடு ஏரியில் இறால் வலை கட்டுகிற இடங்கள் எந்தக் குடும்பத்துக்கும் தனிச் சொத்தில்லை. சீட்டுக் குலுக்கி, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். பாடு வந்தவன் அன்றைக்கு அந்த இடத்துக்கு ராஜா. முறை முடிந்ததும் இடத்தை வாங்கினபடியே அடுத்தவன் கையில் விட வேண்டும். இடத்தைக் கெடுத்தவனுக்கு அடுத்த பாடு கிடையாது.

எண்பத்தேழில், இருபத்தொரு வயதில், இருவரும் சேர்ந்து பர்மா பஜாரிலிருந்து ஒரு சிந்தசைசரை வாங்கிவந்தபோது அதற்கும் இதே சட்டத்தை வைத்தார்கள். தை பிறந்து ஆனி முடியும்வரை முத்துராஜ் வீட்டில். ஆடி பிறந்து மார்கழி முடியும்வரை லோகநாதன் வீட்டில். மாற்றுகிற நாளில் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவோடு தூக்கிப்போவார்கள். வழியில் உட்கார்ந்திருக்கிறவர்கள் பாடை என்று நினைத்துப் பதறி எழுந்து, "யாருப்பா பூட்டது?" என்று கேட்பார்கள். போய் இறக்கியதும் சுவிட்சைப் போட்டு, வாங்குகிறவன் முன்னால் ஒரு பாட்டு வாசித்துக் காட்டி, "சரியா கீதா பாத்துக்க மச்சான்" என்று ஒப்படைத்தால்தான் பாடு மாறியதாக அர்த்தம்.

அது ஜப்பான்காரன் செய்தது. இரண்டு பக்கமும் மரப்பலகை, மேலே வரிசையாகக் குமிழ்கள். இப்போது கடையில் கிடைக்கிற கீபோர்டு மாதிரி ஒரு பட்டனைத் தட்டினால் புல்லாங்குழல், இன்னொன்றைத் தட்டினால் வயலின் என்று வந்து நிற்கிற ரகம் அல்ல. சத்தத்தை நாமே உண்டாக்க வேண்டும். ஒரு குமிழ் சத்தத்தைக் கூர்மையாக்கும், ஒன்று போர்வை போர்த்தின மாதிரி மழுக்கும், ஒன்று மெல்ல எழுப்பும், ஒன்று மெல்ல அடக்கும். மயிரிழை திருப்பினாலும் வேறு சத்தம். உண்டாக்கியதைப் போட்டு வைக்க உள்ளே முப்பத்திரண்டு இடங்கள் உண்டு. போட்டு வைத்தால் பிழைத்தது. இல்லையென்றால் அதே சத்தத்தை மறுபடி பிடிப்பதற்குள் தலைமுடி நரைத்துவிடும். இதில் அதற்கு ஏகப்பட்ட வீம்பு வேறு. சுவிட்சைப் போட்டு இருபது நிமிஷம் சூடேறினால்தான் சுருதி நிற்கும். ஐப்பசி மழையில் அதற்கும் ஜலதோஷம் பிடித்துச் சுருதி இறங்கும். பாடுகிறவர்கள் மேடையிலேயே திரும்பி முறைப்பார்கள்.

முத்துராஜ் வாசிக்கிறவன். எந்தப் பாட்டையும் இரண்டு தரம் கேட்டால் விரலில் வந்துவிடும். இடதுபக்க லீவரை ஓர் அசைப்பு அசைத்து, நாதசுரக்காரர் ஊதி வளைக்கிற மாதிரி சுரத்தை வளைப்பான். திருவிழாக் கூட்டம் விசிலடிக்கும். லோகநாதனுக்கு வாசிப்பு சுமார்தான். அவன் சத்தம் செய்கிறவன். ஏரியில் வலையைக் கட்டிவிட்டு வந்து, காதை மிஷினோடு ஒட்டிக்கொண்டு, ஒரே குமிழை ஒரு பகல் முழுக்கத் திருகிக்கொண்டிருப்பான். முப்பத்திரண்டில் நான்கைந்து போக மற்றதெல்லாம் அவன் பிள்ளைகள்.

ஒன்பதாம் நம்பர் தூரத்தில் படகு இன்ஜின் வருகிற சத்தம். ஒருமுறை கங்கையம்மன் திருவிழாவில் பாட்டு நடுவே அதை அமுக்கினான். முன்வரிசைப் பெண்கள் பாதிப் பேர் மீன் கூடையைத் தேடிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். பதினேழாம் நம்பரை மூன்று மழைக்காலம் உட்கார்ந்து செய்தான். படகு வர நேரமானால் அவன் பெண்டாட்டி சுதா கரையில் நின்று, வாயருகே கையைக் குவித்து, "ஓ" என்று நீளமாக ஒரு குரல் கொடுப்பாள். அந்தக் குரல். கேட்டுவிட்டு சுதா, "நான் இன்னா கழுத மாதிரியா கத்தறேன்?" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஆனால் ஆடி பிறந்து மிஷின் வீட்டுக்கு வந்த நாளில், "அந்தக் கழுதையப் போடு, கேப்போம்" என்று அவள்தான் முதலில் கேட்பாள்.

முத்துராஜுக்குச் சோறு போட்ட தொழில் வேறு. காசிமேட்டில் ஒரு லாஞ்சில் டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் லாஞ்சு கட்டிக் கிடக்கும், அவன் ஊரில் இருப்பான். லாஞ்சுக்காரர்களுக்கு ஒரு பழக்கம் ரத்தத்தில் ஊறியது. சும்மா கிடக்கப்போகிற எந்தச் சாமானிலும் பேட்டரியை விட்டுவைக்க மாட்டார்கள். வாக்கிடாக்கி, ஜி.பி.எஸ்., டார்ச், எல்லாவற்றிலிருந்தும் கழற்றித் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி வைப்பார்கள். உப்புக்காற்றில் பேட்டரி தண்ணி விட்டால் சாமானையே அரித்துவிடும். இதைச் செய்யாமல் விட்ட சோம்பேறி டிரைவரை எந்த முதலாளியும் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்.

இரண்டாயிரத்து ஆறில் தடைக்காலம் முடிந்து கடலுக்குக் கிளம்பும்போது முத்துராஜ் மிஷினைப் பார்த்தான். ஆனி கடைசி வரை அவன் பாடுதான், ஆனால் அவன் ஊரில் இருக்கப்போவதில்லை. ஒன்றரை மாதம் சும்மா கிடக்கும். கவிழ்த்துப் போட்டு அடிப்பலகையைக் கழற்றினான். உள்ளே, ஒரு மூலையில், கட்டைவிரல் அளவில் ஒரு பேட்டரி. அதைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. 'நல்லவேளை, இன்னைக்காவது பாத்தேனே' என்று அவனுக்கு நிம்மதிதான் வந்தது. கம்பியை வெட்டி பேட்டரியை எடுத்தான். பச்சையைப் பிரஷ் வைத்து, பெற்ற பிள்ளைக்குக் காது துடைக்கிற பதத்தில், சுரண்டித் துடைத்தான். அந்தப் பேட்டரி கொடுக்கிற சொட்டு மின்சாரத்தில்தான் முப்பத்திரண்டு சத்தமும் உயிரோடு இருந்தன என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? லோகநாதனுக்குமே தெரியாது.

ஆனி முடிய இரண்டு நாள் இருக்கும்போது திரும்பி வந்தான். அதே அளவில் புதுப் பேட்டரி ஒன்று தேடிப்பிடித்து, கம்பியை முறுக்கி, டேப் சுற்றி, அது ஆடாமல் இருக்க மேலே வலை நூலால் கட்டினான். மூடிச் சுவிட்சைப் போட்டான். ஒன்றாம் நம்பரை அமுக்கினான், கரகரவென்று ஓர் இரைச்சல். இரண்டாம் நம்பர், அதே. ஒன்பது, பதினேழு, முப்பத்திரண்டு. எல்லாம் ஒரே இரைச்சல். இருபது நிமிஷம் சூடேறட்டும் என்று காத்திருந்து மறுபடி அமுக்கினான். அணைத்துப் போட்டான். கும்பிட்டுக்கூடப் போட்டான். ஒன்றும் நடக்கவில்லை.

இங்கேதான் எனக்கு அவன்மேல் கோபம். பேட்டரியைக் கழற்றியது தப்பே இல்லை. நல்ல டிரைவர் செய்கிற காரியம். ஓடிப்போய், "மச்சான், கைய வெச்சிட்டேன், அல்லாம் போயிடுச்சு" என்று சொல்லியிருந்தால் லோகநாதன் ஒரு வாரம் கத்தியிருப்பான். பிறகு இருவருமாக உட்கார்ந்து ஒன்றாம் நம்பரிலிருந்து ஆரம்பித்திருப்பார்கள். முத்துராஜ் அதைச் செய்யவில்லை. ஆடி முதல் தேதி லாஞ்சு கிளம்ப நேரமாகிவிட்டது என்று அவசர அவசரமாக மிஷினைத் தனியாகவே தூக்கிப்போய் லோகநாதன் வீட்டில் இறக்கினான். "போட்டுக் காட்டிட்டுப் போ மச்சான்" என்று லோகநாதன் சொன்னபோது, "டைம் இல்ல மச்சான், அல்லாம் கரீட்டா கீது" என்று வாசலிலேயே செருப்பை மாட்டினான். பஸ்ஸில் ஏறும்போது, வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான்.

லோகநாதனும் வலை கட்ட ஏரிக்குப் போய்விட்டான். அன்று சாயந்திரம் சுதா இறால் உரித்த கையைக் கழுவிவிட்டு, ஈரத்துணியால் மிஷின்மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். பார்த்துப் பார்த்துத்தான் துடைத்தாள். மறுநாள் காலையில் லோகநாதன் சுவிட்சைப் போட்டான்.

பத்து நாள் கழித்து முத்துராஜ் திரும்பியபோது ஊருக்கே தெரிந்திருந்தது. லோகநாதன் அடிக்கிற ஆள் இல்லை. சுதாவிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னானாம். "உன் கை பட்டுத்தான் போச்சு." அதற்குப் பிறகு ஒரு மாதம் அவன் பெண்டாட்டியோடு பேசவில்லை. முத்துராஜ் அடிபம்பு பக்கம் போனபோது சுதா குடத்தை வைத்துவிட்டு அழுதாள். "சும்மா மேலோட தொடச்சேன் அண்ணே. சத்தியமா தண்ணி உள்ள போவல. நீ சொன்னா அவுரு கேப்பாரு." அவள் அவனை அண்ணன் என்பவள். அவள் கல்யாணத்தில் அண்ணன் முறைச் சீரை அவன்தான் செய்தான். அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில்கூடச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. பத்து நாள் தாமதமாகச் சொன்னால் அந்தப் பத்து நாளுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும் என்று பயம் வந்துவிட்டது. "போனது போச்சு, வுடு தங்கச்சி" என்றான்.

லோகநாதன் நேராக முத்துராஜ் வீட்டுக்கு வந்து, மிஷினை இனி அவனே வைத்துக்கொள்ள வேண்டும் என்றான். "என் வூட்ல வந்து கெட்டுப்போச்சு மச்சான். எடத்தக் கெடுத்தவனுக்குப் பாடு கெடயாது. அதான நம்ம பேச்சு." முத்துராஜ் எவ்வளவோ மறுத்தான். மறுக்கத்தான் மறுத்தானே தவிர உண்மையைச் சொல்லவில்லை. இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து வைத்தார்கள். அப்புறம் லோகநாதன் அந்த மிஷின் இருக்கிற அறைக்குள் வந்ததே இல்லை.

முழு மிஷினும் சொந்தமான பிறகு முத்துராஜுக்கு அது வாசிக்கிற சாமானாகவே இல்லை. திருவிழாவுக்குக் கூப்பிட்டார்கள், போனான். குமிழைத் திருகி ஏதோ நாலு சத்தம் செய்துகொண்டான். செய்ததைப் போட்டு வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. முப்பத்திரண்டு இடமும் அப்படியே இரைந்துகொண்டு கிடந்தன. சில மத்தியானங்களில் பதினேழாம் நம்பரை மறுபடி கண்டுபிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும். உட்கார்ந்து திருகுவான். ஓர் இடத்தில் அந்த 'ஓ' வருகிற மாதிரி இருக்கும். பிடித்து நிறுத்துவதற்குள் சங்கு ஊதுகிற மாதிரி ஆகிவிடும். நண்பனின் காது அவனுக்கு இல்லை. பிற்பாடு அதன்மேல் ஒரு படுதாவைப் போட்டு மூடினான்.

மிஷின் போனதை ஊர் ஒரு வருஷத்தில் மறந்துவிட்டது. சுதாவின் கையை மறக்கவில்லை. யார் வீட்டில் டி.வி. மக்கர் செய்தாலும், "சுதா வந்துட்டுப் போச்சா?" என்பார்கள். ஐஸ் பாக்டரியில் மோட்டார் நின்றால், "அந்தப் பக்கமா சுதாவ வுட்டது யாருடா?" என்பார்கள். வேடிக்கைக்குத்தான். ஒருநாள் படகுத்துறையில் இந்த ஜோக்கை யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தபோது முத்துராஜும் சிரித்தான். சிரிக்காமல் இருந்தால் யாராவது ஏன் என்று கேட்பார்களோ என்று சிரித்தான்.

வேடிக்கையைச் சுதா வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் கையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று நம்பிவிட்டாள். சுவிட்சைப் போட வேண்டுமென்றால் மகள் நந்தினியைக் கூப்பிடுவாள். அரசாங்கம் கொடுத்த மிக்சி அட்டைப்பெட்டியிலேயே இருந்தது. அம்மியில்தான் அரைத்தாள். நந்தினி வேலைக்குச் சென்னைக்குப் போனபின், பொழுது சாய்ந்தால் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியம்மாள் வந்து லைட்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். லோகநாதன் எத்தனையோ தடவை, "அத்த வுடுடி, அன்னிக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன்" என்று கெஞ்சினான். அவள் தலையாட்டுவாள், தொட மாட்டாள். இதெல்லாம் முத்துராஜ் கண்ணெதிரே நடந்தது. ஒவ்வொரு ஆடிக்கும் இந்த வருஷம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பான். ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கொஞ்சம் கடினமாகிப் போயிருக்கும்.

கொரோனா இரண்டாம் அலையில், வைகாசி மாதம், லோகநாதன் பட்டணத்து ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். எரிக்கிற இடத்தில் தூர நின்று கும்பிட்டபோது, இனிமேல் சொல்வதற்கு ஆள் இல்லை என்று முத்துராஜுக்கு அழுகை வந்தது. அதோடு சேர்ந்து, இனிமேல் சொல்ல வேண்டியதில்லை என்று உள்ளே ஓர் ஓரத்தில் கயிறு தளர்ந்த மாதிரியும் இருந்தது. இதை அவன் தன் பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை.

நான்கு வருஷம் கழித்து, போன சித்திரையில், நந்தினி வந்து நின்றாள். "மாமா, நைனாவோட பாடு இன்னும் கீதா?"

"இன்னாம்மா இப்டி கேக்குற? மிஷினே உன்னுதுதான்."

"முழுசா வேணாம். நைனா பாடு மட்டும் குடு. சென்னையில ஒருத்தரு இந்த மாதிரி பழைய மிஷின்லாம் ரிப்பேர் பண்றாராம். சரி பண்ணி நான் கொஞ்ச நாள் வெச்சிக்கிறேன்." அப்பன் முகம் அப்படியே அவளுக்கு. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் அகப்படாமல் படுதாவை விலக்கி மிஷினைக் கொடுத்தான்.

இரண்டு வாரம் கழித்து காசிமேட்டில், தடைக்காலத்துக்காகக் கரையேற்றிய லாஞ்சுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு போட்டோ வந்தது. திறந்த மிஷினின் வயிறு. மூலையில், டேப் சுற்றி, வலை நூலால் கட்டிய பேட்டரி. கூடவே நந்தினியின் குரல்.

"மாமா, இத்தப் பாரேன், வல நூல்ல கட்டி வெச்சிருக்காங்க! கடைக்காரு விழுந்து விழுந்து சிரிக்கிறாரு. பழைய பேட்டரிய மட்டும் கழட்டாம வுட்டிருந்தா போர்டே அரிச்சிப் போயிருக்குமாம். கழட்டுன ஆளு புண்ணியவான்றாரு. ஆனா அத்தக் கழட்டுனா உள்ள கீற சத்தம்லாம் அழிஞ்சிடுமாம் மாமா. அப்ப அம்மா தொடச்சதுல போவல! யாரு இத்தக் கட்டுனது, நைனாவா?"

பிரஷ்ஷிலிருந்து பெயின்ட் அவன் காலில் சொட்டியது. பத்தொன்பது வருஷம் கழித்து, புண்ணியவான் என்ற பட்டத்தோடு, உண்மை தானாகவே வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. அவன் செய்ய வேண்டியதெல்லாம், "இல்லம்மா, நான்தான்" என்று இரண்டு வார்த்தை சொல்வதுதான். முத்துராஜ் போனை வாயருகே கொண்டுபோய், "ஆமாம்மா, நைனாதான்" என்றான். அனுப்பிவிட்டான். செத்தவன் வந்து இல்லை என்று சொல்லப்போவதில்லை. சுதாவின் மேலிருந்த பழியும் போகிறது. எல்லாருக்கும் நல்லதுதானே என்று நினைத்தான். அன்றைக்கு மீதிப் பெயின்டை அடிக்க முடியவில்லை.

முத்துராஜ் ஊருக்கு வந்த மறுவாரம் நந்தினி போன் செய்தாள். குரல் உடைந்திருந்தது. "மாமா, நான் சந்தோஷமா அம்மாகிட்ட சொன்னேன், உன் கைல ஒண்ணும் இல்லம்மா, நைனாதான் பேட்டரிய கழட்டினாருன்னு. அது ஒண்ணுமே பேசல. இப்ப நைனா போட்டோவக் கழட்டி பீரோ பின்னாடி வெச்சிடுச்சு. வர்ற வாரம் தெவசம். பண்ண மாட்டேன்னுது. 'தெரிஞ்சே என் மேல போட்டுட்டு அத்தன வருசம் கூடப் படுத்து எந்திரிச்சானே'ன்னு ஒரே வார்த்த. நீ போய் சொல்லேன் மாமா, நீ சொன்னா கேக்கும்."

மறுநாள் காலையில் முத்துராஜ் போனான். சுதா வாசல் கொட்டகையில் இறால் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுவரில் போட்டோ இருந்த இடம் மட்டும் வெளுப்பாகச் சதுரமாகத் தெரிந்தது.

"வா அண்ணே. தெவசம் பத்திப் பேச வந்திருந்தா பேசாத."

"நான்தான் கழட்டுனேன்" என்றான் முத்துராஜ்.

அவள் நிமிர்ந்தாள்.

"பேட்டரிய நான்தான் கழட்டுனேன் தங்கச்சி. என் பாடு நடக்கறப்ப. உன் வூட்டுக்கு வர்றப்பவே அல்லாம் போயிடுச்சு. தெரிஞ்சேதான் கொணாந்து எறக்குனேன். லோகு மச்சானுக்கு ஒண்ணும் தெரியாது. நந்தினி கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

அங்கேயே தரையில் உட்கார்ந்தான். சுதா கையிலிருந்த இறாலை உரித்து முடித்துச் சட்டியில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள். அவள் கத்துவாள், செருப்பை எடுப்பாள் என்றெல்லாம் வழிநெடுக நினைத்துக்கொண்டு வந்தவனுக்கு இது தாங்கவில்லை.

"அவுருக்குத் தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

"சாவுற வரைக்கும்?"

"சாவுற வரைக்கும் தெரியாதும்மா."

"ஒரு வாரமா அந்த மனுசன நான் பேசாத பேச்சு இல்ல." அவள் உரித்துக்கொண்டே இருந்தாள். "அப்ப என் கைல ஒண்ணும் இல்ல. எப்பவும் இல்ல."

"இல்ல தங்கச்சி."

சுதா உரித்த ஓட்டையெல்லாம் ஓரமாகத் தள்ளினாள். பிறகு அவள் யாரிடமோ சொல்வது போல ஆரம்பித்தாள்.

"அவுரு ஆஸ்பத்திரிக்குப் போயி ஒம்பதாம் நாளு. நந்தினி சோறு எடுத்துக்கினு ஆஸ்பத்திரி கேட்டாண்ட போயிருந்தா. அவ போன இங்கியே வுட்டுட்டுப் போயிட்டா. மத்தியானம் அடிச்சிச்சு. மூஞ்சி தெரியற போனு. நர்ஸ் அம்மா புடிச்சிக்கினு நோயாளிங்களப் பேச வெப்பாங்களே, அது. அவுரு படம் வந்துச்சு. தொட்டா வந்துடுவாரு. எனக்குத் தொடத் தெரியாம இல்ல. என் கை பட்டு இதுவும் போயிட்டா, ஆஸ்பத்திரிலேந்து சேதி வர வேற வழி இல்லியேன்னு நெனச்சேன். கஸ்தூரியம்மாள இட்டார ஓடுனேன். அந்தம்மா குளிச்சிக்கினு இருந்துச்சு. ஈரத்தோட ஓடியாந்துச்சு. வர்றதுக்குள்ள நின்னுடுச்சு. திரும்ப அடிச்சப்போ கஸ்தூரிம்மா கைய தொடச்சிக்கினு எடுக்கறதுக்குள்ள கட்டு. மூணாவது தபா எடுத்துச்சு. நர்ஸ்தான் பேசினாங்க. ஆக்சிஜன் மாட்டிட்டாங்களாம், இனிமே பேச முடியாதுன்னாங்க."

முத்துராஜ் இதைக் கேள்விப்பட்டதில்லை. யாருமே கேள்விப்பட்டதில்லை. மகளிடம்கூட அவள் சொல்லவில்லை போலிருக்கிறது.

"இன்னா சொல்றதுக்குக் கூப்ட்டிருப்பாரு அண்ணே? சின்ன வயசுலேந்து நீதான கூட இருந்த. நீ சொல்லு."

எதையாவது சொல்லிவிடலாம், நல்லதாக நாலு வார்த்தை, உன்னைப் பத்திரமாக இருக்கச் சொல்லியிருப்பான் என்கிற மாதிரி. வாய் அதற்குத் தயாராகக்கூட இருந்தது. அப்படிச் சொன்னால் அதுவும் இன்னொரு பொய் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டான். "மன்னிச்சிடும்மா" என்று மட்டும் சொன்னான். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவனுக்கே அற்பமாகப் பட்டது.

சுதா சட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நந்தினிகிட்ட நீ சொல்லாத. நானே சொல்லிக்கறேன். உன் வாயால வந்தா, நெசமா பொய்யான்னு அந்தப் பொண்ணு இன்னொரு தபா யோசிக்கணும்."

திவசத்தன்று அந்த வீட்டில் படையல் நடந்தது. முத்துராஜ் விடிந்ததும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கூப்பிட யாராவது வருவார்கள் என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். பெண்டாட்டி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். படையல் முடிந்து காக்கைக்குச் சோறு வைக்கிற குரல் மூன்று வீடு தள்ளி அவனுக்குக் கேட்டது. "கா கா" என்று இல்லை, "ஓ" என்று நீளமாக, படகைக் கூப்பிடுகிற அதே குரலில் சுதாதான் கூப்பிட்டாள். அவன் மத்தியானம் தாண்டியும் வேட்டியை மாற்றாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.